அப்பாவுக்கு ஒரு எதிராளி தேடிய கதை

அப்பாவின் செஸ் பெட்டிக்குள் முப்பத்தொரு காய்கள்தான் இருக்கின்றன. வெள்ளைக் குதிரைகளில் ஒன்று 1995 இடப்பெயர்வில் எங்கேயோ தொலைந்துபோனது. அதன் இடத்தில் ஒரு சோடா மூடி நிற்கும். கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் உள்ள வாசிகசாலையில், அப்பாவும் அவருடைய சிநேகிதர் ஒருவரும் முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் காய்களை வைத்துத்தான் விளையாடினார்கள். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத வருடங்களில் ஜாம் போத்தல் விளக்கைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாடியதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இருவரும் எந்தப் போட்டிக்கும் போனவர்களில்லை. ஒருநாள் இவர் வெல்வார், மறுநாள் அவர்.

2019 இல் சிநேகிதர் பிள்ளைகளோடு இருக்கக் கனடாவுக்குப் போய்விட்டார். அடுத்த மார்ச்சில் ஊரடங்கு. வாசிகசாலையும் பூட்டு. அப்பாவுக்கு அப்போது 71 வயது. பின்னேரமானால் விறாந்தையில் பலகையை விரித்துக் காய்களை அடுக்கிவைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எனக்குக் காய்கள் நகரும் விதம் தெரியும், அவ்வளவுதான். அப்பாவுக்கு என்னோடு விளையாடுவது அலுப்பு. சரி, கொம்பியூட்டர் இருக்கிறதே என்று தொடங்கியதுதான் இந்தக் கதை. பொருத்தமான ஒரு செட்டிங்கைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடத்துக்கு மேல் எடுத்தது. வீட்டில் வயதான அப்பாவோ அம்மப்பாவோ இருப்பவர்களுக்கும், பொழுதுபோக்காக மட்டும் விளையாடுபவர்களுக்கும் அவ்வளவு காலம் எடுக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் போனில் டிரொய்ட்ஃபிஷ் என்ற செஸ் செயலியைப் போட்டேன். இலவசம், இணையம் தேவையில்லை, உள்ளே இருப்பது ஸ்டொக்ஃபிஷ் எஞ்சின். ஸ்டொக்ஃபிஷ் என்பது பலகையும் காயும் இல்லாத வெறும் மூளை. நாம் பார்க்கிற பலகை அதன்மேல் போர்த்திய சட்டை மாதிரி. இந்த வேறுபாடு எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் பாதி நேரம் மிஞ்சியிருக்கும், ஏனென்றால் மட்டத்தைக் குறைக்கும் வழிகளில் சில மூளையில் இருக்கின்றன, சில சட்டையில் இருக்கின்றன.

அப்பாவுக்குக் கண்புரை எடுத்த கண். போன் திரையைப் பார்த்து விளையாட முடியாது. அதனால் அவர் தன் மரப்பலகையில் நகர்த்துவார், நான் அதைப் போனில் போட்டு, எஞ்சினின் பதிலைப் பலகையில் நகர்த்தி வைப்பேன். முதல் நாள் முழுப் பலத்தோடு விட்டுவிட்டேன். இருபத்துநான்காவது நகர்வில் ஆட்டம் முடிந்தது. யோசிக்கும் நேரத்தை ஒரு செக்கனாகக் குறைத்தேன். ஒன்றும் மாறவில்லை. ஒரு செக்கனுக்குள் சாதாரண போன்கூட இலட்சக்கணக்கான நிலைகளைப் பார்த்துவிடும். நேரத்தைக் குறைத்தால் எளிதாகிவிடும் என்று நினைப்பவர்கள் பலர், நானும் அப்படித்தான் நினைத்தேன். நம்மைப் போன்றவர்களுக்கு அது பயனில்லாத வழி.

பிறகு ஸ்கில் லெவலைக் கண்டுபிடித்தேன். ஸ்டொக்ஃபிஷில் இது 0 முதல் 20 வரை. 20 தான் முழுப்பலம். மூன்றுக்கு இறக்கினேன். அந்த ஆட்டம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பதினைந்து நகர்வு வரை அப்பாவை மூச்சுவிட விடவில்லை. அப்புறம் அப்பா ஒரு சிப்பாயைத் தள்ளி அதன் ராணியைத் தாக்கினார். அதுவோ ராணியை அப்படியே விட்டுவிட்டு, மூலையில் இருந்த ஒரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தியது. அப்பா ராணியை வெட்டவில்லை. "இதில என்னவோ பொறி இருக்குது" என்று பத்து நிமிடம் பார்த்தார். பொறி ஒன்றும் இல்லை. வெட்டினார், வென்றார். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"சும்மா தாறான் தம்பி. எனக்குச் சும்மா தாறது வேண்டாம்."

அது ஏன் அப்படி விளையாடியது என்று நான் பிறகுதான் தேடிப் படித்தேன். ஸ்கில் லெவல் குறைந்தால் எஞ்சின் குறைந்தது நான்கு நல்ல நகர்வுகளை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, அவற்றுள் பின்னால் இருப்பதையும் எழுந்தமானமாகத் தேர்ந்தெடுக்கும். மட்டம் குறையக் குறைய மோசமானதை எடுக்கும் வாய்ப்பு கூடும். இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பலகை அமைதியாக இருக்கும்போது அந்த நான்கு நகர்வுகளும் நல்லவையாகவே இருக்கும், எதை எடுத்தாலும் மாஸ்டர் மாதிரி இருக்கும். ராணியைத் தாக்கிய நேரத்தில் காப்பாற்றும் நகர்வு ஒன்றோ இரண்டோதான், மிச்சமெல்லாம் ராணியைப் பறிகொடுப்பவை. ஆகவே மனிதன் தடுமாறும் அமைதியான இடத்தில் அது தடுமாறாது. எந்தச் சின்னப் பிள்ளையும் தவறவிடாத இடத்தில் தடுமாறும். அப்பாவும் சிநேகிதரும் செய்த பிழைகள் நேர் எதிரானவை. ராணியைத் தாக்கினால் இருவருக்கும் தெரியும். தூரத்து மூலையில் இருந்து வரும் பிஷப்பைத்தான் தவறவிடுவார்கள், அல்லது குதிரையின் இரண்டாவது பாய்ச்சலை.

இந்த ஒன்றை விளங்கிக்கொண்ட பிறகு நான் எண்களை நம்புவதை விட்டுவிட்டேன். எவ்வளவு பலவீனமான எதிராளி என்பதைவிட, எந்த விதமான பிழை விடுகிற எதிராளி என்பதுதான் முக்கியம்.

எண்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். ஸ்டொக்ஃபிஷில் ஸ்கில் லெவலுக்குப் பதிலாக எலோ எண்ணை, அதாவது ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் புள்ளியை, கொடுத்தும் பலத்தைக் கட்டுப்படுத்தலாம். நான் தொடங்கிய காலத்தில் ஆகக் குறைந்தது 1350, இப்போதைய பதிப்புகளில் 1320. அதற்குக் கீழே இறங்காது. அந்த எண்ணும் மற்ற எஞ்சின்களோடு மோதவிட்டு அளந்தது, வாசிகசாலையில் அளந்ததல்ல. இணையத்தில் செஸ் விளையாடும் லிசெஸ் தளத்தில் புதிதாகச் சேர்பவருக்கு 1500 என்று போட்டுத்தான் தொடங்குவார்கள், அதுவும் வேறொரு கணக்கு. அங்கே 1500 இருப்பவர் உலக செஸ் சம்மேளனத்தின் கணக்கில் 1500 ஆக இருக்கமாட்டார். ஆகவே ஓரிடத்து எண்ணை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

எலோவில் எனக்கு உண்மையில் உதவியது வித்தியாசத்தின் கணக்கு. இரண்டு பேருக்கும் ஒரே எண் என்றால் நூறு ஆட்டத்தில் ஐம்பது புள்ளி. எதிராளி 200 கூட என்றால் நமக்கு ஏறத்தாழ 24. 400 கூட என்றால் 9 தான். அப்பா பத்து ஆட்டத்தில் ஒரு புள்ளி எடுத்தால், எதிராளியை ஏறத்தாழ 400 இறக்கவேண்டும் என்று கணக்குப் போடலாம். பத்து ஆட்டம் என்பது குறைவான மாதிரிதான், ஆனாலும் ஒரு தோல்விக்குப் பிறகு உடனே மட்டத்தை மாற்றுவதைவிட எவ்வளவோ மேல். தொடக்கத்தில் நான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாற்றிக்கொண்டே இருந்தேன். அப்பாவுக்கு எதிராளியின் குணம் பிடிபடவே இல்லை.

2021 இல் வேறொரு வழி பார்த்தோம். இது பழைய வழி, 19ஆம் நூற்றாண்டில் போல் மோர்ஃபி போன்றவர்கள் பலம் குறைந்தவர்களோடு ஒரு குதிரையை எடுத்துவிட்டு விளையாடுவார்கள். எஞ்சினை முழுப் பலத்தில் விட்டு, அதன் காயைக் குறைப்பது. எஞ்சினுக்கு வெள்ளையைக் கொடுத்து, சோடா மூடியைப் பலகையிலிருந்து எடுத்து வைத்தேன். குதிரை இல்லாமலும் அது அப்பாவைத் தொடர்ந்து வென்றது. ராணியை எடுத்துவிட்டோம். அப்போதுதான் ஆட்டம் ஆட்டமாக வந்தது, அப்பா பத்தில் ஆறு வென்றார். "அவன் கெட்டிக்காரன். ராணியை வீட்டில விட்டிட்டு வாறான். அது மரியாதை" என்றார். எனக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்தது. சும்மா தருவதற்கும் முன்கூட்டியே விட்டுக்கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதில் இருக்கிறது.

இந்த முறையில் அப்பா ஒன்று கற்றுக்கொண்டார். காய் கூடுதலாக இருக்கும்போது கோட்டைக்குக் கோட்டை, பிஷப்புக்கு பிஷப் என்று சமமாக மாற்றிக்கொண்டே போனால் எதிராளியிடம் ஒன்றும் மிஞ்சாது, நம்மிடம் ராணி மிஞ்சும். முப்பது வருடமாக அவர் அப்படி யோசித்ததில்லை, காய் கூடினால் இன்னும் வேகமாகத் தாக்குவார். செய்துபார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு குறிப்பு. மென்பொருளில் நிலையை நாமே அமைக்கும் இடத்தில் காயை எடுத்துவிட்டுத் தொடங்கவேண்டும். கோட்டையை எடுப்பதென்றால் அந்தப் பக்கம் காஸ்லிங் செய்யும் (ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்வில் நகர்த்தும்) உரிமையையும் அங்கேயே நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சில மென்பொருட்கள் நிலை பிழை என்று சொல்லி நிற்கும்.

ஆனாலும் ராணி இல்லாத ஆட்டம் வேறொரு விளையாட்டு மாதிரி. சில மாதங்களில் அப்பா பழைய ஆட்டத்துக்கு ஏங்கத் தொடங்கிவிட்டார்.

2022 வந்தது. மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. அதற்குள் நான் போனை விட்டு லப்டொப்புக்கு மாறியிருந்தேன். எஞ்சின் ஓடத் தொடங்கினால் விசிறி இரையும், ஒரு மணித்தியாலத்தில் பற்றரி படுத்துவிடும். அப்பா விளக்கைக் கொளுத்திக்கொண்டு வந்து உட்காரும் நேரம் லப்டொப் அணைந்துபோகும். அப்போது செய்த மாற்றங்களை இன்னும் வைத்திருக்கிறேன். எஞ்சின் ஒரே நேரத்தில் எத்தனை கூறாக வேலைசெய்யவேண்டும் என்று சொல்லும் த்ரெட் என்ற எண்ணை அதன் செட்டிங்கில் ஒன்றாக்கினேன். நம் முறை வரும்போதும் அது யோசித்துக்கொண்டிருக்கும் பொண்டர் என்ற வசதியை நிறுத்தினேன். பார்த்த நிலைகளை அது சேமித்து வைக்கும் ஹாஷ் நினைவகத்தைக் குறைத்தேன். மட்டத்தை ஏற்கெனவே குறைத்து வைத்திருப்பவர்களுக்கு இதனால் ஆட்டத்தில் வித்தியாசம் தெரியாது. பற்றரியில் தெரியும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். ஒன்று, திறப்பு நகர்வுகளின் தொகுப்பு. பல மென்பொருட்கள் எஞ்சினுக்கு ஒரு திறப்பு நூலைக் கொடுத்திருக்கும். அப்பா சிப்பாயை நகர்த்தினால் அது சிசிலியன் என்ற பெயர்பெற்ற திறப்பின் பன்னிரண்டு நகர்வை மனப்பாடமாக ஒப்புவிக்கும். மட்டத்தை எவ்வளவு குறைத்தாலும் அந்தப் பன்னிரண்டு நகர்வும் கிராண்ட்மாஸ்டருடையதுதான். நூலை மூடிவிடுங்கள், அல்லது மூன்று நான்கு நகர்வோடு நிறுத்துங்கள். மற்றது பதிலின் வேகம். அப்பா ஐந்து நிமிடம் யோசித்து நகர்த்துவார், அது கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் சொல்லும். அப்பாவுக்குத் தான் மெதுவானவர் என்ற எண்ணம் வந்து அவசரப்படத் தொடங்கினார். அவசரத்தில் பிழைவிட்டார். எனக்கு இது விளங்க நாளெடுத்தது. பிறகு எஞ்சினின் நகர்வைப் பார்த்தாலும் உடனே பலகையில் வைக்காமல், ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு நகர்த்தினேன். அந்த மாற்றம் மட்டுமே அப்பாவின் ஆட்டத்தைக் கண்ணுக்குத் தெரியத் திருத்தியது.

யார் மேலே இருக்கிறார் என்று காட்டும் பட்டையையும் அம்புக்குறிகளையும் ஆட்டம் முடியும்வரை மறைத்து வையுங்கள். இதில் பேச எதுவுமில்லை.

2023 இல் தங்கச்சியின் மகன் சுன்னாகத்திலிருந்து விடுமுறைக்கு வந்து நின்றான். பதினொரு வயது. சென்னையில் நடந்த 2022 செஸ் ஒலிம்பியாட்டை போனில் பார்த்துப் பைத்தியம் பிடித்தவன், பள்ளிக்கூடப் போட்டிக்குப் போகவேண்டும் என்பது ஆசை. அவனுக்கு அப்பாவின் செட்டிங் சரிவராது. எஞ்சின் சும்மா காயைக் கொடுக்கும் மட்டத்தில் பிள்ளைகள் விளையாடினால், பிழை நகர்வு வைத்துவிட்டு எதிராளி கவனிக்கமாட்டார் என்று நம்பும் பழக்கம் வந்துவிடும். இதை நான் அவனில் கண்ணால் பார்த்தேன். அவனுக்கு ஆழத்தைக் குறைத்தேன். எத்தனை நகர்வு முன்னால் பார்க்கவேண்டும் என்பதைத்தான் ஆழம் என்கிறார்கள். அதை ஒன்றாகவோ இரண்டாகவோ வைத்தாலும் ஸ்டொக்ஃபிஷ் காய் வெட்டும் தொடரை மட்டும் முடிவு வரை பார்த்துவிடும். ஆகவே அது காயைச் சும்மா கொடுக்காது, நாம் கொடுத்தால் விடாது. தூரத்துத் திட்டம் மட்டும் கொஞ்சம் மங்கும். தோற்றுத் தோற்றுப் படிக்க மனமுள்ள பிள்ளைக்கு நல்ல ஆசிரியர். அப்பாவின் வயதில் இருப்பவருக்கு வேண்டாம், நாங்களும் பார்த்தோம், ஆழம் ஒன்றிலேயே அது அப்பாவை வென்றது.

அவனுக்காகத் தேடும்போதுதான் லூகாஸ் செஸ் என்ற இலவச மென்பொருள் கிடைத்தது. அதற்குள் மையா இருந்தது.

மையா மற்ற எஞ்சின்களிலிருந்து அடிப்படையிலேயே வேறு. டொரொன்டோ, கோர்னெல் பல்கலைக்கழகங்களையும் மைக்ரோசொஃப்ட்டின் ஆய்வுப் பிரிவையும் சேர்ந்தவர்கள் 2020 இல் வெளியிட்டது. ஆகச் சிறந்த நகர்வு எது என்று அது தேடுவதில்லை. லிசெஸில் மனிதர்கள் விளையாடிய கோடிக்கணக்கான நகர்வுகளைப் பார்த்து, இந்த மட்டத்தில் உள்ள ஒரு மனிதர் இந்த இடத்தில் எதை வைப்பார் என்று ஊகிக்கிறது. 1100 முதல் 1900 வரை நூறு நூறாக ஒன்பது மட்டங்கள். லிசெஸில் கணக்கு வைத்திருப்பவர்கள் மையா1, மையா5, மையா9 என்ற பெயர்களில் உள்ள பொட்களோடு, அதாவது தானாக விளையாடும் கணக்குகளோடு, விளையாடலாம். அவை 1100, 1500, 1900. கரண்டும் இணையமும் நின்றுபோகும் ஊரில் எனக்கு லப்டொப்பில் இருப்பதுதான் நிம்மதி.

1100 ஐப் போட்டுவிட்டு அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இருபது நகர்வு போல் போனது. மையாவின் கோட்டை ஒன்று அப்பாவின் பிஷப்பின் நீண்ட மூலைவிட்டத்தில் வந்து நின்றது. அப்பா பலகையை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"இவனும் தூரத்து பிஷப்பைப் பார்க்கேல்லை."

அந்த ஆட்டத்தை அப்பா தோற்றார் என்பதையும் சொல்லவேண்டும். முடிவில் சிப்பாய் ஒன்றைத் தவறவிட்டார். ஆனால் முகம் வாசிகசாலையிலிருந்து திரும்பி வரும் முகமாக இருந்தது.

மையாவைப் போடுபவர்கள் இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். அது தேடாமல், பார்த்தவுடன் வைக்கவேண்டும். தனியே நிறுவுபவர்கள், எத்தனை நிலைகளைப் பார்க்கவேண்டும் என்று சொல்லும் நோட் எண்ணை 1 என்று வைக்கவேண்டும். கூடுதல் நேரமோ நோட்களோ கொடுத்தால் அது தேடத் தொடங்கிப் பலமாகிவிடும், மனிதச் சாயலும் போய்விடும். அடுத்தது, 1100 என்று பெயர் இருந்தாலும் அதைவிடக் கொஞ்சம் பலமாகவே விளையாடும். அந்த மட்டத்துப் பெரும்பாலானோர் வைக்கும் நகர்வைத்தான் அது எப்போதும் எடுக்கிறது, ஒரு தனி ஆளின் கிறுக்குத்தனமான பிழைகள் அதில் வடிகட்டப்பட்டுப் போகின்றன. தொடக்கத்தில் அப்பா பத்தில் மூன்றுதான் எடுத்தார். நகர்வை மீட்டெடுக்கும் வசதியை ஆட்டத்துக்கு ஒரு தடவை என்று அனுமதித்தோம், வாசிகசாலையிலும் அப்படியொரு எழுதாத சட்டம் இருந்ததாம். அதோடு ஐந்துக்கு வந்தது.

ஒரு குறையும் இருக்கிறது. ஒரே நிலைக்கு மையா ஒரே பதிலைத்தான் சொல்லும். அப்பா ஒருநாள் ஒரு குதிரைப் பொறியால் வென்றார். மறுநாளும் அதே நகர்வுகள், அதே பொறி, அதே வெற்றி. மூன்றாம் நாள் "இவனுக்கு நேற்று நடந்தது ஞாபகம் இல்லையோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த ஏமாற்றத்தைப் பார்த்து, இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் இரண்டு மூன்று நகர்வை வெவ்வேறு திறப்பாக நானே வைத்துவிட்டுத் தொடங்குகிறேன். ஒருநாள் 1100, ஒருநாள் 1200 என்று மாற்றியும் போடுகிறேன்.

கனடாவிலிருந்து சிநேகிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பார். போன கிழமை அப்பா அவரிடம் மையாவைப் பற்றித்தான் அரைமணி நேரம் கதைத்தார். அவரும் தன் பேரப்பிள்ளையிடம் சொல்லிப் போடுவிப்பதாகச் சொன்னார். செட்டிங்கை எழுதி அனுப்பச் சொல்லி அப்பா என்னைக் கேட்டார். நான் ஒரு பழைய கலண்டர் மட்டையின் பின்பக்கத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, மட்டையை செஸ் பெட்டிக்குள் சோடா மூடிக்குப் பக்கத்தில் வைத்தேன். அதில் இருப்பது இவ்வளவுதான்: மையா 1100, நோட் 1, திறப்பு நூல் இல்லை, பட்டை இல்லை, மணிக்கூடு இல்லை, மீட்டெடுப்பு ஒன்று, பத்து ஆட்டத்துக்கு முன் ஒன்றையும் மாற்றவேண்டாம். கீழே அப்பா தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: தேத்தண்ணி குடித்துவிட்டு நகர்த்தவும்.